கவுட் வலியும் கண்வலிக்கிழங்கும்

வேதாரண்யம் பக்கம் மழைக்காலத்தில் போனால் வேலியில் செங்காந்தள் பூத்திருக்கும். அதன் இலை நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகிப் பக்கத்துக் கிளையைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதன் அடியில் இருப்பதுதான் கண்வலிக்கிழங்கு. யூரிக் ஆசிட் மூட்டில் படிவதால் வரும் கவுட் வலிக்கு இன்றைக்கும் டாக்டர்கள் எழுதித் தரும் கோல்ச்சிசின் இந்தக் கிழங்கிலும் இருக்கிறது, விதையிலும் இருக்கிறது. விதையை மருந்துக் கம்பெனிகள் வாங்குவது அதற்காகத்தான்.

ரத்தத்தில் யூரிக் ஆசிட் என்ற கழிவுப்பொருள் டெசிலிட்டருக்குச் சுமார் 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் முழுதும் கரையாமல் ஊசி ஊசியான படிகமாகப் படிய ஆரம்பிக்கலாம். உடம்பில் சூடு குறைந்த இடம் கால்விரல், குளிர்ந்த இடத்தில் அது இன்னும் லேசில் படியும், அதனால் பெரும்பாலும் கட்டைவிரல் மூட்டுதான் முதலில் மாட்டும். ஆனால் நடுராத்திரியில் போர்வை பட்டாலே உயிர் போகிற அந்த வலிக்குப் படிகம் மட்டும் காரணமில்லை. வெள்ளை அணுக்கள் அதை விழுங்க வந்து, அழற்சிப் பொருட்களைக் கொட்டி, மேலும் மேலும் அணுக்களைக் கூப்பிடுகின்றன.

கோல்ச்சிசின் கைவைப்பது இங்கேதான். செல்லுக்குள் டியூபுலின் என்ற புரதம் ஒன்றோடொன்று கோத்து நுண்குழல்களாக நீளும். வெள்ளை அணு நகர அது வேண்டும். கோல்ச்சிசின் டியூபுலினோடு ஒட்டிக்கொண்டு கோக்க விடாது. அணுக்கள் வருவது குறையும், வீக்கம் வடியும்.

சரி, அப்புறம் என்ன, கிழங்கைத் தோண்டி அரைத்துக் குடித்துவிடலாமே? கூடவே கூடாது. செல் இரண்டாகப் பிரியவும் அதே நுண்குழல்தான் வேண்டும். அளவு மீறினால் ஓயாமல் பிரிகிற குடல் சுவரும் எலும்பு மஜ்ஜையும் முதலில் அடிபடும்; சில மணி நேரம் ஒன்றும் தெரியாது, பிறகு வாந்தி, பேதி, அடுத்த நாட்களில் ரத்த அணுக்கள் சரிவு, பிழைத்தவர்களுக்கு முடி கொட்டுதல். இலங்கையில் வள்ளிக்கிழங்கு என்று நினைத்து அவித்துத் தின்று செத்தவர்கள் உண்டு. மாத்திரை ஒன்றில் இருப்பது 0.5 மில்லிகிராம். கிழங்குக்குக் கிழங்கு மருந்தின் அளவு மாறும்போது கண்மதிப்பில் அதை யாரால் அளக்க முடியும்?

மூட்டுவலிக்கு நல்லது என்று சொல்லப்படும் முடக்கத்தான் தோசை வேறு கதை. ருசிக்குத் தாராளமாகச் சாப்பிடலாம், ஆனால் கவுட் தாக்கும்போது அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

இன்னொன்று, கோல்ச்சிசின் வலியை அடக்குமே தவிர யூரிக் ஆசிட்டைக் குறைக்காது. அதற்கு அலோபியூரினால் மாதிரி வேறு மருந்து, கூடவே நெத்திலிக் கருவாட்டிலும் பீரிலும் கொஞ்சம் கை அடக்கம். சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ, கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலோ கோல்ச்சிசின் உடம்பிலேயே தங்கிச் சேர்ந்துவிடும், ஆகவே டாக்டரிடம் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.