எச்எஸ்கே நாலு எழுத மூணு மாசம் போதுமா?

சைனீஸ் சொல்லிக்குடுக்க ஆரம்பிச்சதுல இருந்து எங்கிட்ட அதிகமா வர்ற கேள்வி, "மேடம், எச்எஸ்கே நாலுக்கு எத்தனை மாசம் ஆகும்?" எச்எஸ்கேன்னா சைனீஸ் எவ்வளவு தெரியும்னு பாக்குற பரீட்சை, நாலுங்கிறது அதுல நாலாவது லெவல். கேக்குறவங்கள்ல பாதிப் பேர் சீனாவுக்கு எம்பிபிஎஸ் படிக்கப் போற பசங்க, இல்லன்னா அவங்க அப்பா அம்மா. இங்கிலீஷ் மீடியம்ல படிச்சாலும் டிகிரி முடிக்கிறப்போ நாலாம் லெவல் சைனீஸ் தெரிஞ்சிருக்கணும்னு அந்த நாட்டு கல்வி அமைச்சகம் 2018லயே சொல்லிடுச்சு, வார்டுல இருக்குற நோயாளி சைனீஸ்லதானே வலியைச் சொல்லுவாரு.

போன வருஷம் ஒரு பையன் வந்தான், மூணு மாசத்துல நாலு முடிச்சிடலாம்னு எங்கயோ சொல்லி பணம் கட்ட வெச்சிருக்காங்க. நோட்டை வாங்கிப் பாத்தா எல்லாத்தையும் தமிழ்ல எழுதி மனப்பாடம் பண்ணிருக்கான். ஒரு இடத்துல 'டூட்ஸ பாவ் ல', அர்த்தம் வயிறு ரொம்பிடுச்சு. நாலு வரி தள்ளி அதே 'டூட்ஸ பாவ் ல', அர்த்தம் முயல் ஓடிப்போச்சு. நம்ம எழுத்துல ரெண்டும் ஒண்ணு, சைனீஸ்ல முயலுக்கும் ஓட்டத்துக்கும் வாயில இருந்து காத்து தள்ளிக்கிட்டு வரணும், வயித்துக்கு வரக்கூடாது, டோன், அதாவது குரலோட ஏத்த இறக்கம், ரெண்டுக்கும் ஒண்ணுதான். ஒரு துண்டு பேப்பரை வாய்க்கு முன்னாடி பிடிச்சு சொல்லச் சொன்னேன், முயல் ஓடுறப்போ பேப்பர் ஆடணும், ஆடவே இல்ல. அது ஆடுறதுக்கே ரெண்டு வாரம் ஆச்சு. தயவுசெஞ்சு தமிழ்ல எழுதிப் படிக்காதீங்க, முதல் நாள்ல இருந்தே பின்யின், அதாவது சைனீஸ் உச்சரிப்பை இங்கிலீஷ் எழுத்துல எழுதுற முறை, பழகுங்க.

இப்ப கணக்குக்கு வரேன். ஆறு லெவல் முறையில ஒண்ணுக்கு 150 வார்த்தை, ரெண்டுக்கு 300, கேள்வித்தாள்லயே பின்யின் இருக்கும், இதுக்கு மூணு நாலு மாசம் போதும். மூணுக்கு 600, நாலுக்கு 1200. ஒரு நாளைக்கு அஞ்சு வார்த்தைன்னா 240 நாள், அதுவும் ஒரு நாள் லீவு இல்லாம, ஒண்ணைக்கூட மறக்காம, யாரால முடியும்? தினம் ரெண்டு மணி நேரம் உக்காந்தா ஒரு வருஷத்துல இருந்து பதினஞ்சு மாசம், என் பசங்க கிட்ட நான் பாத்தது அதுதான். மூணுல இருந்து பின்யின் கிடையாது, வெறும் சீன எழுத்துதான். லிஸனிங் மூணு வரைக்கும் ரெண்டு தடவ ஓடும், நாலுல ஒரே தடவதான், ஆப்ல வார்த்தை மட்டும் தள்ளித் தள்ளிப் படிச்ச பசங்க விழுறது இங்கதான்.

2021ல ஒன்பது லெவல்னு புது ஸ்டாண்டர்ட் வந்து வார்த்தை எண்ணிக்கையும் கூடிருக்கு, அதனால புக் வாங்குறதுக்கு முன்னாடி நீங்க எழுதப்போற தேதிக்கு எந்த சிலபஸ்னு பாத்துடுங்க.

பீஸ் கட்டுறதுக்கு முன்னாடி பழைய நாலாம் லெவல் ஆடியோ ஒண்ணைப் போட்டு நடுவுல நிறுத்தாம ஒரே தடவ கேளுங்க. 45 கேள்வில பாதிய விட்டுட்டீங்கன்னா பரீட்சையை நாலு மாசம் தள்ளிப் போடுங்க, அந்த நாலு மாசமும் தினம் அரை மணி நேரம் காதுக்குக் குடுங்க.