புது மழை விழுந்த அன்று ஆற்றைப் பாருங்கள்

"மக்களே, தண்ணி தெளிஞ்சுதான கெடக்கு. இதுல என்னத்தப் பாக்குத?"

படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பாட்டி கேட்டார். நாகர்கோவில், ஒழுகினசேரிப் பக்கம், பழையாற்றங்கரை. தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் நான் மாதம் ஒருமுறை அங்கே மாதிரி எடுக்கப் போவேன். அன்று பகல் பதினொரு மணி, நல்ல வெயில். பரிசோதனை முடிவும் பாட்டி சொன்னது போலவே வந்தது.

அடுத்த வாரம் ராத்திரி புது மழை பெய்தது. விடியும் முன்பே போனேன். ஊருக்குள்ளிருந்து வரும் ஓடை ஆற்றில் சேரும் இடத்தில் ஜிலேபிக் கெண்டைகள் வாயை மேலே நீட்டித் தவித்துக்கொண்டிருந்தன. என் அறிக்கையில் பொய் எதுவும் இல்லை. நான் போன நேரம்தான் சரியில்லை.

வெயில் காலம் முழுக்க ரோட்டில் தேய்ந்த டயர் தூள், வண்டியிலிருந்து சொட்டிய ஆயில், மாட்டுச் சாணம், சந்தைக் கழிவு, சாக்கடையில் உறைந்த கறுப்புச் சேறு எல்லாம் மழைக்குக் காத்துக் கிடக்கின்றன. 1 ஹெக்டேர் சிமென்ட் தரையில் 10 மி.மீ. மழை விழுந்தால் 1 லட்சம் லிட்டர் தண்ணீர். வயலாக இருந்தால் பெரும்பகுதி மண்ணில் ஊறும். சிமென்டில் அவ்வளவும் ஓடைக்குத்தான். பெரும்பாலும் முதல் அரை மணி நேரத்தில் வருவதுதான் படுமோசம். குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் இது ஆண்டுக்கு ஒருமுறையோடு முடிவதில்லை.

ஓடையோடு வந்த அழுக்கைத் தின்னும் கிருமிகள் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனையும் தீர்த்துவிடுகின்றன. 30 டிகிரி சூட்டில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரிலேயே சுமார் 7.5 மில்லிகிராம்தான் கரையும். குளிக்கிற ஆற்றில் 5-க்குக் குறையக் கூடாது என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவு. பகலில் பாசி வெயிலைக் குடித்து ஆக்சிஜன் விடும். இரவெல்லாம் அதுவும் சேர்ந்து மூச்சுவிட்டு இழுக்கும். ஆகவே விடியும் முன்தான் அளவு அடிமட்டத்தில் இருக்கும். பதினொரு மணிக்கு எடுத்த மாதிரி ஆற்றின் நல்ல முகத்தை மட்டுமே காட்டும்.

அன்று 300 மி.லி. கண்ணாடிப் புட்டியில் ஒரு குமிழிகூட இல்லாமல் தண்ணீர் பிடித்தேன். கரையிலேயே மாங்கனீசு சல்பேட்டும் கார அயோடைடும் விட்டு, மூடிக் குலுக்கினேன். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பாகத் திரியும். இல்லையென்றால் வெள்ளையாகவே நிற்கும். ஓடைமுகத்துப் புட்டியில் வெள்ளைதான் படிந்தது. இத்தனை வருஷத்தில் அந்த வெள்ளையைப் பார்த்து வயிறு கலங்காத நாளில்லை.

வீட்டில் ஆர்.ஓ. வைத்திருப்பவர்கள், தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் பேனாவால் ஆற்றுத் தண்ணீரை அளந்து பார்க்கிறார்கள். மழை நாளில் அதை நம்பாதீர்கள். மழைத் தண்ணீர் கலந்தால் உப்பு நீர்த்து எண் இறங்கும். அதே நேரத்தில் கலங்கலும் மலக் கிருமியும் ஏறியிருக்கும். பேனாவுக்குக் கிருமி தெரியாது.

அதைவிட உங்கள் கண்ணே நல்ல கருவி. மூன்று நாள் மழையே இல்லாதபோதும் மழைநீர் வடிகாலின் வாயில் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தால், யாரோ கக்கூஸ் குழாயையோ சமையலறைக் குழாயையோ அதில் இணைத்திருக்கக்கூடும். தேதியும் நேரமும் குறித்து, படம் எடுத்து மாநகராட்சிக்குக் கொடுங்கள். மாதம் ஒருமுறை வரும் எங்களை விட, தினமும் அந்தப் பாலத்தில் நடக்கும் உங்களுக்கு அது முன்னால் தெரியும்.

இப்போது மானம் கறுத்தால் வண்டியில் மாதிரிப் புட்டி வைக்கும் ஐஸ் பெட்டி ஏறிவிடும். ஒருநாள் அந்தப் பாட்டியிடம் சொன்னேன்: "புது மழை விழுந்தா ரெண்டு நாளைக்கு ஆத்துல எறங்காதீங்க பாட்டி. கால்ல இம்புட்டு வெடிப்பு கெடக்கு, அது வழியா எலிக்காய்ச்சல் ஏறிரும்."

பாட்டி காலைப் பார்த்துக்கொண்டார். "அப்ப துணிய எங்க கொண்டுபோயித் தொவைக்க, மக்களே?"

அவர் வீட்டுக் குழாயில் தினமும் தண்ணீர் வருவதில்லை. எனக்குச் சொல்லப் பதில் வரவில்லை.