இடது கையால் ஒரு சல்யூட்

2018 டிசம்பர் 4. வாஷிங்டன் கேப்பிடல் கட்டடத்தின் வட்டக்கூடத்தில் முன்னாள் அமெரிக்க அதிபர் மூத்த ஜார்ஜ் புஷ்ஷின் உடல் வைக்கப்பட்டிருக்கிறது. சக்கர நாற்காலியில் முன்னாள் செனட்டர், 95 வயது பாப் டோல் வருகிறார். உதவியாளர் ஒருவர் தாங்கிப் பிடிக்க, மெல்ல எழுந்து நிற்கிறார். இடது கையால் ஒரு சல்யூட். உடனே உட்கார்ந்துவிடுகிறார்.

அரசியல் தெரிந்தவர்களுக்கு இதில் ஒரு கதை உண்டு. 1988-ல் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராவதற்கு இருவரும் கடுமையாக மோதினார்கள், புஷ் ஜெயித்தார். 1996-ல் டோலின் முறை வந்தபோது கிளின்டனிடம் 379-க்கு 159 என்ற தேர்வாளர் வாக்குக் கணக்கில் தோற்றார். அதற்கு இருபது வருடம் முன்பு துணை அதிபர் வேட்பாளராகவும் தோற்றவர். பிசியோதெரபிஸ்டான என் கண்ணுக்குப் பட்டது வேறு: அந்த எழுந்திருத்தல். என் வேலை நேரத்தில் பாதி அதற்கே போகிறது.

ஏன் இடது கை? 1945 ஏப்ரலில் இத்தாலிப் போர்முனையில் பட்ட காயத்தில் வலது கை செயலிழந்தது. மருத்துவமனை வாசமே மூன்று வருடத்துக்கு மேல். சிகாகோவில் கெலிகியன் என்ற அறுவை மருத்துவர் காசு வாங்காமல் பலமுறை ஆபரேஷன் செய்தார். போனதை நினைக்காதே, மிச்சமிருப்பதை வைத்து என்ன செய்யலாம் என்று பார், என்பது அவர் சொன்னதன் சாரம். மறுவாழ்வுச் சிகிச்சை முழுவதையும் அந்த ஒரு பேச்சில் அடக்கிவிட்டார் மனிதர். டோல் இடது கையால் எழுதப் பழகினார். சட்டைப் பட்டன் போட ஒரு கொக்கி வைத்திருந்தார். யாரும் வலது கையைப் பிடித்துக் குலுக்கிவிடாமலிருக்க அதில் எப்போதும் ஒரு பேனா.

முதியவர்களின் பிள்ளைகளுக்கு அந்தக் காணொளியைக் காட்டுவேன். "அவ்வளவு கஷ்டப்படுத்தி எழுப்பணுமா? உட்கார்ந்தபடியே மரியாதை செலுத்தியிருக்கலாமே" என்பார்கள். பாசத்தில் சொல்வதுதான். ஆனால் அதே பாசத்தில்தான் தண்ணீர் டம்ளர் கைக்கே வருகிறது, செருப்பு காலுக்கே வருகிறது. எழுந்திருக்க வேலையில்லாத தொடைத் தசை சில வாரத்திலேயே இளைக்கத் தொடங்கும். பிறகு கழிவறைக்குப் போகக்கூட இரண்டு ஆள் வேண்டும்.

எழுப்புவதிலும் ஒரு தவறு பரவலாக நடக்கிறது. கக்கத்தில் கை கொடுத்துத் தூக்காதீர்கள். கையைப் பிடித்தும் இழுக்காதீர்கள். பக்கவாதம் வந்த பக்கம் என்றால் தோள்மூட்டே நழுவிவிடலாம். அவரை இருக்கையின் நுனிக்கு நகர்ந்து வரச் சொல்லுங்கள். பாதங்கள் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இருக்கட்டும். கைப்பிடியை ஊன்றி, மூக்கு கால்விரலுக்கு நேரே வரும் அளவு முன்னால் சாய்ந்தால் உடம்பு தானாக மேலே வரும். குறைகிற பலத்தை மட்டும் நீங்கள் கொடுங்கள். நின்றவுடன் நடக்கவிடாதீர்கள், தலைசுற்றுகிறதா என்று கேட்டுச் சில விநாடி நிறுத்துங்கள். தானாக நிற்கவே முடியாதவர்களுக்கு ஒருமுறை நேரில் காட்டித்தரச் சொல்லிக் கேளுங்கள்; படித்துவிட்டுச் செய்கிற வேலையல்ல அது.

உத்தியைவிடப் பெரிய சிக்கல், எதற்காக எழுந்திருப்பது என்பது. டோலுக்கு அந்தக் குறை இருந்ததில்லை. வாஷிங்டனில் இரண்டாம் உலகப்போர் நினைவிடம் எழும்ப நிதி திரட்டியவர், அது திறந்த பிறகு சனிக்கிழமைகளில் அங்கே போய் உட்கார்ந்து, வருகிற பழைய சிப்பாய்களிடம் பேசிக்கொண்டிருப்பார். 2012-ல், 89 வயதில், மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கைக்கு ஆதரவு கேட்டுச் சக்கர நாற்காலியில் செனட் அவைக்கே வந்தார். வாக்கெடுப்பில் 61-க்கு 38, தேவையான மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காததால் அதிலும் தோல்விதான். அவர் சனிக்கிழமைகள் நிற்கவில்லை.

என்னிடம் ஒரு பெரியவர் இருந்தார். இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனவர். ஒரு நாளைக்குப் பத்து முறை எழுந்து உட்காரச் சொல்லியிருந்தேன். மூன்றுக்கு மேல் போகவேயில்லை. "எழுந்து நின்னு யாருக்கு என்ன காட்டணும் டாக்டர்?" பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் மகளிடம், வாசல் மணி அடித்தால் இனி அப்பாவே கதவைத் திறக்கட்டும், வாக்கரைப் பக்கத்தில் வைத்துவிட்டு நீங்கள் பின்னால் மட்டும் நில்லுங்கள் என்றேன். அடுத்த வாரம் நான் போய் மணியடித்துவிட்டு வெளியே வெகுநேரம் காத்திருந்தேன். உள்ளிருந்து அவர் குரல் கேட்டது: "இரு இரு, நான்தான் வர்றேன்."