படப்பெட்டியில் எது முதலில் அழியும்?

மதுரைப் பக்கம் இப்படி ஒரு பேராசிரியரைப் பலருக்கும் தெரிந்திருக்கும். வாரநாளில் வகுப்பு, சனி, ஞாயிறு ஆனால் தோளில் கேமராவோடு ஒரு கண்மாய்க் கரை, ஒரு கல்குவாரி, இல்லையென்றால் கலெக்டர் ஆபீஸ் வாசலில் உண்ணாவிரதப் பந்தல். அவர் காலத்துக்குப் பிறகு வீட்டார் பீரோவைத் திறந்தால் கறுப்பு வெள்ளைப் பிரிண்டுகள், கலர் ஆல்பங்கள், நெகட்டிவ்கள், ஒரு டப்பா நிறைய சிடி. பல்கலைக்கழகத்துக்கோ ஆவணக் காப்பகத்துக்கோ கொடுக்கலாம் என்று முடிவானதும், இருப்பதிலேயே பழைய படத்தைத் தேடி எடுத்து அதைத்தான் முதலில் ஸ்கேன் செய்வார்கள். வேதியியலைக் கேட்டால் வரிசையைத் தலைகீழாக மாற்றச் சொல்லும்.

லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ கேப்டன் 1858இல் மீனாட்சியம்மன் கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் மெழுகேற்றிய காகித நெகட்டிவில் படம் எடுத்தார். அந்தப் படங்களில் தூண் சிற்பங்களை இன்றைக்கும் பார்க்க முடிகிறது. 1980களின் கல்யாண கலர் ஆல்பத்தைத் திறந்து பாருங்கள்: மாப்பிள்ளை, பெண், வாசலில் கட்டிய வாழைமரம் எல்லாம் செம்மண் நிறத்துக்கு வந்திருக்கும்.

கறுப்பு வெள்ளைப் படத்தில் கறுப்பாகத் தெரிவது வெள்ளி. ஜெலட்டின் படலத்துக்குள் நுண்ணிய வெள்ளித் துணுக்குகள் சிக்கிக் கிடக்கின்றன. உலோகம் என்பதால் வெளிச்சத்துக்கு அது அவ்வளவாக அசைந்து கொடுக்காது. அதன் எதிரி கந்தகம். படத்தைக் கழுவும்போது, ஒளி படாத வெள்ளி உப்பைக் கரைத்து எடுக்க ஹைப்போ போடுவார்கள். அதில் கந்தகம் உண்டு. பழைய கெட்டித் தாளாக இருந்தால் அந்த ஹைப்போ போக ஓடும் தண்ணீரில் ஒரு மணி நேரம் வரை அலச வேண்டும். குழாயில் தண்ணீர் வராத நாளில் ஸ்டூடியோக்காரர் அவசரமாக இரண்டு முக்கு முக்கி எடுத்திருந்தால், மிச்ச ஹைப்போ வெள்ளியை மெல்ல வெள்ளி சல்ஃபைடாக்கி, படத்தை மஞ்சளாகவும் பழுப்பாகவும் மாற்றும். ஒழுங்காக அலசிய படம் நூறு வருடம் தாண்டியும் நிற்கும்.

கலர் படத்தில் வெள்ளியே மிஞ்சுவதில்லை. கழுவும்போதே அதை எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது சயான் (பச்சை கலந்த நீலம்), மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), மஞ்சள் என்று மூன்று அடுக்குச் சாயம். இவை கரிம மூலக்கூறுகள். வெப்பம் பட்டால் சிதையும். அந்தக் காலத்துத் தாள்கள் பலவற்றில், ஆல்பத்தை மூடி இருட்டில் வைத்திருந்தாலும், முதலில் போவது சயான். சிவப்பு ஒளியை உறிஞ்சுவதுதான் அதன் வேலை. அது போனதும் சிவப்பு தடையில்லாமல் நம் கண்ணுக்கு வருகிறது, வாழைமரம்கூடச் சிவக்கிறது. வெயில் படும் சுவரில் மாட்டிய படத்தின் கதை வேறு. அங்கே பெரும்பாலும் மெஜந்தா முதலில் வெளுக்கும்.

சாயத்தின் ஆயுளுக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: வெப்பநிலை 5, 6 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும். மே மாதம் 40 டிகிரியைத் தொடும் மதுரையில், மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறைக்கும் தரைத்தள நடு அறைக்கும் உள்ள வித்தியாசம் சாயத்துக்குப் பெரிய வித்தியாசம். காசு செலவில்லாமல் செய்யக்கூடிய பாதுகாப்பு, பீரோவைக் கீழே இறக்குவதுதான். பீரோ என்று இரும்பு பீரோவைச் சொல்கிறேன். பிளைவுட் அலமாரி அமில ஆவி விடும்.

வெளுத்த சாயம் தாளுக்குத் திரும்பாது. ஆனால் சயான் கொஞ்சமாவது மிஞ்சியிருந்தால் போதும். ஸ்கேனர் சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியாக அளப்பதால், பலவீனமான அடுக்கை மட்டும் கணினியில் தூக்கிவிடலாம். அடியோடு போன பிறகு தூக்க எதுவும் இருக்காது.

அடுத்து நெகட்டிவ். ஃபிலிமின் அடித்தளம் பொதுவாக செல்லுலோஸ் அசிட்டேட். ஈரமும் சூடும் சேர்ந்தால் அதிலிருந்து அசிட்டிக் அமிலம் பிரியும், டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை வரும். பிரிந்த அமிலமே சிதைவை இன்னும் வேகப்படுத்தும் என்பதால், ஒரு கட்டத்துக்கு மேல் ஃபிலிம் சுருங்கி, நெளிந்து, படப் படலம் உரிய ஆரம்பிக்கும். 21 டிகிரி, 50 சதவீத ஈரப்பதத்தில் புது ஃபிலிமுக்கு இந்தச் சிதைவு தொடங்க 40 வருடம் போல ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நம் ஊர் 21 டிகிரி ஊர் இல்லை. வாடை வரும் சுருளை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து வையுங்கள்; அந்த ஆவி பக்கத்துச் சுருளையும் கெடுக்கும்.

சட்டம் போட்ட படங்கள் மழைக்காலத்தில் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், ஈரத்தில் ஜெலட்டின் உப்பிப் பசையாகிவிடுவதால். பிய்க்காதீர்கள். கண்ணாடி மேல் உள்ள சந்தனம், குங்குமத்தைத் துடைத்துவிட்டு, அப்படியே படம் எடுத்துக்கொள்ளலாம்.

சரி, ஸ்கேன் தொடங்கியதும் இன்னொரு அழிவு காத்திருக்கிறது. அதற்கு வேதியியல் தேவையில்லை, நல்ல மனசு போதும். ‘கண்மாய்’, ‘மலை’, ‘போராட்டம்’ என்று யாராவது அழகாகப் பிரித்து அடுக்கிவிடுவார்கள். நெகட்டிவின் ஓரத்தில் எண்கள் இருக்கும். 14இல் வறண்ட கண்மாய், 15இல் உடைந்த மடை, 16இல் மனுவோடு நிற்கும் ஊர்க்காரர்கள் என்றால், மூன்றும் சேர்ந்துதான் ஒரு சாட்சி. தலைப்புவாரியாகப் பிரித்தால் 15 வெறும் உடைந்த மடை, எந்த ஊர் என்றே தெரியாது. அதனால்தான் காப்பகக்காரர்கள், உரியவர் வைத்திருந்த வரிசையைக் கலைக்கவே மாட்டார்கள். ஒவ்வொரு உறைக்கும் ஒரு எண் போட்டு, தலைப்புகளைத் தனிப் பட்டியலில் வைத்துக்கொள்வார்கள்.

பிரிண்டின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்ய வேண்டும். ஸ்டூடியோ ரப்பர் ஸ்டாம்ப், பேராசிரியர் கிறுக்கிய ஊர்ப் பெயர் எல்லாம் அங்கேதான் இருக்கும். புதிதாக எழுதுவதானால் மென்மையான பென்சில். பால்பாயிண்ட் பேனா முன்பக்கம் தடம் பதிக்கும். மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி 2022இல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அந்தப் பக்கத்துப் பாறையும் சுனையும் முன்பு எப்படி இருந்தன என்று ஒப்பிட, தேதியும் இடமும் உள்ள படம்தான் உதவும். கூடவே ஒன்று: போராட்டப் படங்களில் உயிரோடு இருப்பவர்களின் முகங்கள் உண்டு. ஸ்கேன் செய்தது எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றியே ஆகவேண்டும் என்று இல்லை.

கடைசியாக அந்த சிடி டப்பா. டிஜிட்டல் கேமரா வந்த பிறகு பேராசிரியர் எடுத்தது முழுக்க அதில்தான் இருக்கும். வீட்டில் பதியும் சிடியிலும் தகவல் இருப்பது ஒரு கரிமச் சாயப் படலத்தில்தான். லேசர் அதைச் சுட்டுக் குறி போடுகிறது. கலர் படத்தைக் கெடுக்கும் அதே சூடு இதையும் கெடுக்கும். வித்தியாசம், கலர் படம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து நமக்கு எச்சரிக்கை கொடுக்கும், சிடி ஒரு நாள் திடீரென்று திறக்காது. எனவே முதல் நாள் வேலை சிடிதான். இரண்டு ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். நகல் எடுத்த அன்றே ஒவ்வொரு கோப்புக்கும் செக்சம் என்ற சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். கோப்பில் ஒரு பிட் மாறினாலும் அந்த எண் மாறும். வருடத்துக்கு ஒருமுறை திரும்பக் கணக்கிட்டால் எந்த நகல் கெட்டது என்று தெரிந்துவிடும், மற்றதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.