ரோலர் வெயிட் மாத்துறதுக்கு முன்னாடி கவர தொறந்து பாருங்க

பிக்கப் இல்லன்னு ஸ்கூட்டர கடைக்கு கொண்டு வர்ற நிறைய பேர் வரும்போதே கையில ஒரு புது ரோலர் செட் வச்சிருக்காங்க. ஆன்லைன்ல ஆர்டர் பண்ணியாச்சு, எத்தனை கிராம்னு கூடவே வண்டி ஓட்டுற நண்பனும் சொல்லிட்டான், "அண்ணே இத மட்டும் போட்டு விடுங்க, இழுவையும் வரும் டாப் ஸ்பீடும் வரும்"னு கேக்குறாங்க. நான் உடனே போடுறதில்ல. முதல்ல பெல்ட் பக்கத்து கவர கழட்டி உள்ள இருக்குறத பாக்கணும். ஏன்னு விவரமா சொல்றேன், ஏன்னா இது வெறும் பிக்கப் விஷயம் மட்டும் இல்ல, விரைவுச்சாலைல பின்னாடி லாரி வர்றப்போ வண்டி இழுக்காம நின்னு போற விஷயமும் இதுலதான் இருக்கு.

முன் பக்க வேரியேட்டருக்குள்ள, அதாவது பெல்ட் ஓடுற முன் புல்லிக்குள்ள, பெரும்பாலும் 6 ரோலர் இருக்கும். இஞ்சின் வேகம் ஏற ஏற அந்த ரோலர் எல்லாம் வெளிப்பக்கமா ஓடும், ஓடும்போது புல்லியோட நகர்ற தட்ட உள்ள தள்ளும், பெல்ட் மேல ஏறும், பின்னாடி புல்லி விரிஞ்சு பெல்ட் அங்க கீழ இறங்கும். இதுதான் ஸ்கூட்டர்ல கியர் மாறுறது. ரோலர் லேசா இருந்தா ஓடுறதுக்கு அதிக ஆர்பிஎம் (இஞ்சின் நிமிஷத்துக்கு சுத்துற சுத்து) வேணும், அதனால கியர் லேட்டா மாறும், இஞ்சின் நல்லா சுத்துற இடத்துலயே நிக்கும், சிக்னல்ல இருந்து எடுக்கும்போது சட்டுனு இழுக்கும். கனமா இருந்தா சீக்கிரமே மாறிடும், சத்தம் கம்மி, பெட்ரோலும் கொஞ்சம் மிச்சம், ஆனா ஏத்தத்துல மூச்சு வாங்கும்.

டாப் ஸ்பீடுலதான் எல்லாரும் ஏமாறுறாங்க. கடைசி கியர் எவ்வளவுங்கறத முடிவு பண்றது புல்லியோட அளவும் பெல்ட்டோட அளவும்தான், பெல்ட் முன் புல்லியோட விளிம்பு வரைக்கும் ஏறிட்டா அதுக்கு மேல போக இடமே கிடையாது, அங்க நீங்க 10 கிராம் போட்டாலும் 15 கிராம் போட்டாலும் அந்த இடம் பெருசாகாது. ரொம்ப லேசா போட்டா இன்னும் மோசம், பெல்ட் விளிம்பு வரைக்கும் ஏறுறதுக்குள்ள இஞ்சின் கத்த ஆரம்பிச்சுடும், முன்னாடி போன வேகம் கூட போகாது. இழுவையும் டாப்பும் ரெண்டும் ஏறும்னு ஒரு ரோலர் செட்ட யாராவது வித்தா நம்பாதீங்க. ரெண்டும் நிஜமாவே திரும்ப வர்ற ஒரே சந்தர்ப்பம், உள்ள இருந்த பழசு தேஞ்சு போயிருக்கறதுதான்.

அத கண்ணால பாத்துடலாம். ரோலர வெளிய எடுத்து விரல்ல உருட்டுங்க. நல்ல ரோலர் வழுவழுன்னு உருளும், தேஞ்சதுல ஒரு பக்கம் வெட்டுன மாதிரி தட்டையா இருக்கும், நகத்த வச்சு இழுத்தா விளிம்பு தட்டும். அந்த தட்டை வந்ததும் ரோலர் ஓடுற பாதைல பாதில சிக்கும், முழுசா வெளிய போகாது, பெல்ட்டும் முழுசா ஏறாது. பெல்ட்டும் அதே கதைதான், பக்கவாட்டுல தேஞ்சு அகலம் குறைஞ்சா முன் புல்லியில கீழ உக்காந்துடும், அதனால டாப் குறையும். அகலத்த காலிப்பர் வச்சு அளந்து உங்க வண்டி மேனுவல்ல இருக்குற குறைந்தபட்ச அளவோட ஒப்பிட்டுப் பாருங்க. அப்புறம் ரோலர பின்னாடி மூடியிருக்குற ரேம்ப் பிளேட்டுல மாட்டுற மூணு சின்ன பிளாஸ்டிக் ஸ்லைடர், அது தேஞ்சா ஐடில்ல டக டகன்னு ஆடும் சத்தம் கேக்கும், விலை ரொம்ப கம்மி, ஆனா யாரும் மாத்துறதில்ல. சிங்கப்பூர்ல சிஓஇ, அதாவது வண்டி வச்சுக்க வாங்குற உரிமச் சான்றிதழ், விக்கிற விலைக்கு வண்டிய 10 வருஷம் முழுசா ஓட்டத்தான் பாப்பாங்க, அதுல டெலிவரி வேலையும் சேர்ந்தா நாள் பூரா நிறுத்தி எடுத்து நிறுத்தி எடுத்து, வெயில்ல பெல்ட் கவருக்குள்ள சூடு வேற, ரோலரும் பெல்ட்டும் சாதாரண வண்டிய விட சீக்கிரம் போயிடும்.

இதெல்லாம் தேயாம நல்லா இருந்து, அப்பவும் வெயிட் மாத்தணும்னா தாராளமா மாத்தலாம், ஆனா ஒவ்வொரு ரோலருக்கும் 1 கிராம், அவ்வளவுதான் முதல்ல. ஒரு கணக்கு சொல்றேன். ரோலர் தள்ளுற விசை ஆர்பிஎம்மோட வர்க்கத்துல ஏறும், அதனால 13 கிராம் ரோலர் இருக்குற வண்டில 12 கிராம் போட்டா எடை கிட்டத்தட்ட 8 சதவீதம் குறையுது, ஆனா கியர் மாறுற ஆர்பிஎம் 4 சதவீதம்தான் ஏறும், முன்னாடி 6,500ல நின்ன வண்டி இப்ப 6,750 பக்கத்துல நிக்கும். நீங்க தேடுற இடம் உங்க இஞ்சின் அதிகபட்ச பவர் தர்ற ஆர்பிஎம், அது மேனுவல்லயே இருக்கும். ஃபுல் திராட்டில்ல ஆர்பிஎம் முள்ளு அதுக்கு கொஞ்சம் கீழயே நின்னா வெயிட் குறைக்கலாம், அத தாண்டி கத்துனா கூட்டணும். மீட்டர்ல ஆர்பிஎம் காட்டாத வண்டிக்கு பிளக் வயர்ல சுத்தி மாட்டுற சின்ன டாக்கோமீட்டர் கிடைக்குது, வாங்கிக்கோங்க, காதால கேட்டு முடிவு பண்ணாதீங்க. அரை கிராம் வேணும்னா மூணு 13, மூணு 12, ஒண்ணு விட்டு ஒண்ணா மாட்டணும், ஒரே பக்கமா சேத்து வச்சா தட்டு அதிரும்.

இன்னொரு வேலை எங்க கடையில எப்பவும் செய்வோம். முன் புல்லியோட முகத்துல நடுவுல இருந்து விளிம்பு வரைக்கும் மார்க்கர் பேனாவால ஒரு கோடு போட்டு மூடிட்டு, ஒரு ரவுண்டு நல்லா ஓட்டிட்டு வந்து தொறந்தா பெல்ட் எதுவரைக்கும் ஏறுச்சோ அதுவரைக்கும் கோடு அழிஞ்சிருக்கும். மேல ஒரு விரல் அகலம் அழியாம இருந்தா ரோலர் ரொம்ப லேசு, இல்ல எங்கயோ சிக்குது. இத விட நேர்மையான சோதனை எனக்குத் தெரியல.

எதுக்காக மாத்துறீங்கன்னு யோசிங்க. நம்ம விரைவுச்சாலைல லிமிட்டே 70ல இருந்து 90 தான், 115 போகுதா 120 போகுதான்னு இங்க பேசி பிரயோஜனமே இல்ல. ஃபுட் டெலிவரி பாக்ஸோட மாடி கார்பார்க் ரேம்ப் ஏறுறவருக்கு 1 கிராம் குறைச்சா நிஜமாவே உதவும். தினமும் ஜோகூர்ல இருந்து காஸ்வே தாண்டி நீண்ட தூரம் ஒரே வேகத்துல வர்றவருக்கு அது தொல்லை, 90ல இஞ்சின் சும்மா கத்திக்கிட்டே வரும், பெட்ரோல் செலவும் ஏறும். அவர் கம்பெனி போட்டுக் கொடுத்த ஸ்டாக் வெயிட்டிலேயே இருக்கட்டும்.

இப்ப நான் உண்மையிலயே பயப்படுற விஷயம். வீட்டு கீழ கார்பார்க்குல வீடியோ பாத்து தானே மாத்துற தம்பிங்க கவனிங்க. பெல்ட்ட மாட்டும்போது பின் புல்லிய கையால விரிச்சு பெல்ட்ட அதுக்குள்ள ஆழமா அழுத்திடணும், அப்பத்தான் முன்னாடி பெல்ட் தொங்கலா இருக்கும். அப்படி பண்ணலன்னா வெளி தட்ட வைக்கும்போது பெல்ட் நடுவுல மாட்டிக்கும், நட்ட முறுக்குனா டைட் ஆன மாதிரியே தெரியும், ஆனா தட்டு பாஸ் (நடுவுல இருக்குற இரும்புக் குழாய்) மேல உக்காந்திருக்காது, பெல்ட் மேலதான் உக்காந்திருக்கும். ஸ்டார்ட் பண்ணி பெல்ட் இடத்துக்குப் போனதும் நட்டு லூசு. அப்புறம் கிராங்க் ஷாஃப்ட்டோட பல்லு அரைஞ்சு போகும், அது ரோலர் காசுல தீராது, இஞ்சின பிரிக்கணும். முறுக்கும்போது வெளி தட்ட கையால சுத்திப் பாருங்க, பெல்ட் ஃப்ரீயா இருக்கணும், ஷாஃப்ட் பல்லு தட்டோட ஓட்டை வழியா சரியா வெளிய தெரியணும்.

நட்ட இம்பேக்ட் கன்னால அடிச்சு விட்டுட்டு போகாதீங்க, டார்க் ரெஞ்சுல மேனுவல் அளவுக்கு முறுக்குங்க. புல்லி சுத்தாம இருக்க ஸ்க்ரூ டிரைவர ஃபேன் இறக்கைல சொருகுனா இறக்கை உடையும், ஹோல்டர் டூல் வாங்குங்க. பின்னாடி கிளட்ச் பெரிய நட்ட, ஸ்பிரிங்க அழுத்திப் பிடிக்கிற கம்ப்ரஸர் டூல் இல்லாம கழட்டாதீங்க, உள்ள ஸ்பிரிங் அழுத்தத்துல இருக்கு, மூஞ்சிக்கு வரும். கவருக்குள்ள இருக்குற கருப்பு தூசிய வாயால ஊதாதீங்க, மாஸ்க் போட்டுட்டு பிரேக் கிளீனர் அடிச்சுத் துடைங்க. ரோலருக்கு கிரீஸ் வைக்கணுமா வேண்டாமான்னு வண்டிக்கு வண்டி மாறும், மேனுவல் சொல்ற மாதிரி மட்டும் செய்ங்க, பெல்ட்டுல ஒரு சொட்டு கிரீஸ் பட்டாலும் வழுக்கும்.

புது வண்டியா இருந்தா வாரண்டி என்னாகும்னு டீலர்கிட்ட கேட்டுக்கோங்க, வண்டில மாற்றம் பண்றதுக்கான எல்டிஏ (சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணையம்) விதியையும் ஒரு தடவ படிச்சுடுங்க. மாத்தி முடிச்சதும் பழைய ரோலரையும் பெல்ட்டையும் கேட்டு வாங்கிப் பாருங்க, எந்தக் கடையா இருந்தாலும் தரணும். சில நாள் ஓட்டின பிறகு ஒரு தடவ கவர தொறந்து நட்ட சரி பாக்கச் சொல்லுங்க, நல்ல மெக்கானிக் அதுக்கு முகம் சுளிக்க மாட்டார்.