பஞ்சர் ஒட்டிய டயர் ரேஸ் டிராக்கைத் தாங்குமா?

ஆணியைப் பிடுங்கி, ஓட்டையை அடைத்து, மறுநாள் காலையிலும் காற்று இறங்காமல் இருந்தால் பஞ்சர் சரியாகிவிட்டது என்றுதான் நினைக்கிறோம். சாலையில் ஓட்டுவதற்கு அது பெரும்பாலும் போதும். ரேஸ் டிராக் கதை வேறு. அங்கே டயர் காற்றைப் பிடித்து வைத்திருந்தால் மட்டும் போதாது.

டயரைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் விஷயம் விளங்கும். உட்புறம், காற்று கசியாத பியூட்டைல் ரப்பர் பூச்சு. அதற்கு மேல் பாலியஸ்டர் போன்ற இழைகளாலான அடுக்கு. அதற்கும் மேல், ஒன்றுக்கொன்று குறுக்காக ஓடும் இரண்டு எஃகுக் கம்பி பெல்ட்டுகள். வேகமான டயர்களில் அந்தப் பெல்ட்டுகளை நைலான் இழை சுற்றிக் கட்டியிருக்கும். கடைசியாகத்தான் தரையைத் தொடும் டிரெட். உள்ளே வரை இறங்கிய ஆணி இத்தனையையும் துளைத்திருக்கிறது. வழியில் கம்பிகளை விலக்கியிருக்கலாம், அறுத்தும் இருக்கலாம்.

வெளியிலிருந்தே பிசுபிசுப்பான திரியைத் திணிப்பது வீடு போய்ச் சேர உதவும் தற்காலிக அடைப்பு. முறையான ஒட்டு என்றால் டயரை ரிம்மிலிருந்து கழற்றியாக வேண்டும். காற்றில்லாமல் கொஞ்ச தூரம் ஓடியிருந்தாலும் டயரின் பக்கச் சுவரான சைடுவாலின் உட்புறம் தேய்ந்து ரப்பர் தூள் கொட்டிக் கிடக்கும். அப்படியானால் ஒட்டும் வேலையை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். நன்றாக இருந்தால், ஆணி போன அதே சாய்வில் துளையைக் கடைந்து சுத்தம் செய்வார்கள். உட்பூச்சைச் சுரண்டிச் சொரசொரப்பாக்கி, சொல்யூஷன் தடவிக் காயவிட்டு, காளான் வடிவப் பேட்ச்சின் காம்பை உள்ளிருந்து வெளியே இழுத்து, குடைப் பகுதியைச் சின்ன உருளையால் அழுத்தி ஒட்டுவார்கள். சொல்யூஷனில் உள்ள ரசாயனங்கள் இரண்டு ரப்பரையும் மூலக்கூறு அளவில் பிணைக்கின்றன. குடை காற்றை நிறுத்துகிறது. காம்பு, தண்ணீர் உள்ளே போய்க் கம்பி துருப்பிடிக்காமல் காக்கிறது. கார் டயரில் பொதுவான வரம்பு 6 மில்லிமீட்டர் துளை, அதுவும் டிரெட்டின் நடுப்பகுதியில் மட்டும். டிரெட்டின் ஓரமான ஷோல்டரும் சைடுவாலும் ஓயாமல் வளைந்து நிமிர்வதால் அங்கே ஒட்டு நிற்காது.

இவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் அறுந்த கம்பி அறுந்ததுதான். டிராக்கில் வேலை செய்வது அந்தக் கம்பிகள்.

மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில், 32 சென்டிமீட்டர் ஆரமுள்ள டயரின் மேற்பரப்பு, புவியீர்ப்பைப் போலக் கிட்டத்தட்ட 980 மடங்கு முடுக்கத்துக்கு உள்ளாகிறது. அதாவது டிரெட்டில் உள்ள ஒவ்வொரு கிராம் ரப்பரும் ஏறக்குறைய ஒரு கிலோ எடைக்குச் சமமான விசையோடு வெளிப்பக்கம் பிய்த்துக்கொள்ளப் பார்க்கும். தரையைத் தொடும் இடத்தில் டயர் தட்டையாவதால் அந்த இழுப்பு சட்டென்று குறையும், தரையை விட்டதும் மறுபடி ஏறும். இது நொடிக்கு 27 முறைக்கு மேல் நடக்கிறது. இதோடு வளைவில் வரும் பக்கவாட்டு இழுப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கம்பி அறுந்த இடத்தில் பக்கத்துக் கம்பிகள்தான் அந்தச் சுமையையும் ஏற்கின்றன. அவற்றுக்கிடையே உள்ள ரப்பர் கூடுதலாக நசுங்கிச் சூடாகிறது. பெல்ட் பிரியத் தொடங்குவது இப்படித்தான்.

டிராக்கில் டிரெட்டின் சூடு 80 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சகஜம். முழுதாக வல்கனைஸ் ஆகாத, அதாவது ரப்பர் வெந்து இறுகாத திரி அந்தச் சூட்டில் இளகும். டிரெட் தேயத் தேய அதைப் பிடித்திருக்கும் ரப்பரின் ஆழமும் குறையும்.

சூட்டால் இன்னொரு ஆபத்தும் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. 25 டிகிரியில் 30 பிஎஸ்ஐ வைத்த டயருக்குள் காற்று 80 டிகிரிக்குச் சூடானால் அழுத்தம் சுமார் 38 ஆகும். ஒட்டு வழியாக 5 பிஎஸ்ஐ கசிந்திருந்தாலும் அளவி 33 காட்டும், காலையில் வைத்ததைவிட அதிகம்! கசிவு வெளியே தெரியவே தெரியாது. அதனால் டிராக்கில் சூடான அழுத்தத்தை மற்ற மூன்று சக்கரங்களோடு, முக்கியமாக அதே அச்சின் ஜோடியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் பின்தங்கினால் அந்த டயரைச் சந்தேகப்படுங்கள்.

டயரில் உள்ள டபிள்யூ, ஒய் போன்ற வேக எழுத்துகள் முறையே மணிக்கு 270, 300 கிலோமீட்டர் வேகத்தைக் குறிக்கின்றன. துளைபடாத டயருக்குத் தரப்பட்ட மதிப்பு அது. ஒட்டிய பிறகும் அது செல்லுமா என்பதில் தயாரிப்பாளர்கள் வேறுபடுகிறார்கள். சிலர் செல்லாது என்றே சொல்லிவிடுகிறார்கள். என் கருத்தும் அந்தப் பக்கம்தான். நன்றாக ஒட்டிய டயரைச் சாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள், டிராக்குக்கு வேறு டயர் போடுங்கள். ஒன்றை மட்டும் புதிதாக மாற்றினால் ஜோடிக்குள் தேய்மானம் வேறுபட்டு இரு பக்கமும் பிடிப்பு ஒரே மாதிரி இருக்காது. அதனால் அச்சுக்கு இரண்டாக மாற்றுவது நல்லது. செலவு வலிக்கும், ஆனாலும் இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

சரி, ஆணியைப் பார்த்ததுமே டயர் போச்சு என்று முடிவுகட்டவும் வேண்டாம். புது டயரில் டிரெட் பள்ளமே சுமார் 8 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். குட்டை ஸ்க்ரூ ரப்பரோடு நின்றுவிடுவதும் உண்டு. பிடுங்கிவிட்டு சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். குமிழி வராவிட்டாலும், ஸ்க்ரூ எவ்வளவு நீளம், துளைக்குள் எஃகு தெரிகிறதா என்று வெளிச்சம் அடித்துப் பாருங்கள். பெல்ட்டைத் தொடாமல் ரப்பருக்குள்ளேயே நின்றிருந்தால், அந்த டயருக்கு ஒட்டே தேவையில்லை.