‘ஸோனிங்’ என்பதற்கு மண்டலம் போதாது

அமெரிக்க நகரங்களின் வீட்டுப் பற்றாக்குறையைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள்: ‘மினியாபொலிஸ் நகரம் ஒற்றைக் குடும்ப மண்டலங்களை ஒழித்தது.’ இதைப் படிப்பவருக்கு என்ன விளங்கும்? தமிழ்நாட்டில் மண்டலம் என்றால் மாநகராட்சியின் மண்டல அலுவலகம். ஒற்றைக் குடும்பம் என்றால் கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்து தனிக்குடித்தனம் போனவர்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால், குடும்பங்களுக்காக இருந்த ஏதோ ஒரு நிர்வாகப் பிரிவை மூடிவிட்டார்கள் என்றுதான் தோன்றும். நடந்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

மண்டலம் என்று இவர்கள் மொழிபெயர்க்கும் ஆங்கிலச் சொல் ‘ஸோனிங்’. அது ஒரு சட்ட ஏற்பாடு. ஒரு மனையில் வீடு கட்டலாமா, கடை வைக்கலாமா, பட்டறை போடலாமா. எத்தனை மாடி எழுப்பலாம். சுற்றிலும் எவ்வளவு இடம் விட வேண்டும். எத்தனை கார் நிறுத்த இடம் ஒதுக்க வேண்டும். இதையெல்லாம் நகர மன்றம் விதியாக எழுதி, எந்த விதி எந்தத் தெருவுக்கு என்று வரைபடத்தில் காட்டிவிடும். மனை உங்களுடையது, பணம் உங்களுடையது, ஆனாலும் அந்த விதிக்குள் அடங்குவதை மட்டுமே கட்ட முடியும்.

சொல்லின் வேர் கிரேக்கம். ‘ஸோனே’ என்றால் இடுப்பில் கட்டும் கச்சை. பூமியைச் சுற்றிக் கச்சை கட்டியதுபோல இருக்கும் வெப்பப் பட்டை, குளிர்ப் பட்டைகளுக்கு அந்தப் பெயர் போய், அங்கிருந்து எந்தத் தனிப் பகுதிக்கும் வந்தது. நகரச் சட்டத்தில் அது நிலைத்தது 1916இல், நியூயார்க் நகரம் முழுமைக்கும் அப்படி ஒரு விதித்தொகுப்பைக் கொண்டுவந்தபோது. 1926இல் ஓஹியோவின் கிளீவ்லாந்தை ஒட்டிய யூக்ளிட் என்ற சிற்றூருக்கும் ஆம்பிளர் என்ற நில நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்த வகை விதி செல்லும் என்றது. தனிவீடுகளுக்கு நடுவே வரும் அடுக்குமாடிக் குடியிருப்பை ஒட்டுண்ணி என்றே அந்தத் தீர்ப்பு வர்ணித்தது. இப்படிப் பயன்பாட்டைப் பிரித்துவைக்கும் முறைக்கு அந்த ஊர்ப் பெயரே ஒட்டிக்கொண்டது. அதைத் தமிழில் ‘யூக்ளிடிய மண்டலம்’ என்று எழுதினால் வடிவியல் பாடம்தான் நினைவுக்கு வரும். கணிதமேதையின் பெயரை நில அளவையாளர்கள் அந்த ஊருக்கு வைத்தார்கள் என்பதைத் தவிர வேறு தொடர்பு இல்லை.

சரி, மண்டலம் என்ற சொல்லிடம் எனக்கு என்ன பகை? வடசொல் என்பதற்காக நான் அதை மறுக்கவில்லை. அது ஏற்கெனவே தாங்க முடியாத சுமையைச் சுமக்கிறது என்பதுதான் முதல் குறை. தொண்டை மண்டலம், கொங்கு மண்டலம் என்றால் நிலப்பரப்பு. வளிமண்டலம் என்றால் பூமியைச் சூழ்ந்த காற்று. நரம்பு மண்டலம் என்றால் உடலின் ஓர் அமைப்பு. ஒரு மண்டலம் மருந்து சாப்பிடு என்றால் 48 நாள். சிறப்புப் பொருளாதார மண்டலம் என்றால் வரிச்சலுகை பெற்ற தொழில் வளாகம். இத்தனைக்கும் மேல் மாநகராட்சி மண்டலம். நகரத்தைப் பற்றிய கட்டுரையில் இந்தச் சொல் வந்தால் வாசகர் மனம் கடைசிப் பொருளுக்குத்தான் போகும், போகத்தான் வேண்டும்.

இரண்டாவது குறை இன்னும் பெரிது. மண்டலம் ஓர் இடத்தின் பெயர். ஸோனிங் ஒரு செயல். அரசு ஒரு மனைமேல் விதிக்கும் கட்டுப்பாடு. இடப்பெயரை வைத்துக்கொண்டு செயலைச் சொல்லப் போனால் ‘மண்டலமாக்கல்’, ‘மண்டலப்படுத்துதல்’ என்று ஒட்டுப்போட வேண்டியிருக்கிறது. ஒரு தெருவில் அதிக வீடுகள் கட்ட அனுமதிக்கும்படி விதியை மாற்றுவதற்கு ‘மேல்மண்டலமாக்கல்’ என்று எழுதுகிறார்கள். தமிழ் மட்டும் தெரிந்தவர் இதை வானத்தோடு சேர்த்துத்தான் புரிந்துகொள்வார். மூல மொழியைத் தெரிந்தவருக்கு மட்டும் விளங்கும் மொழிபெயர்ப்பு யாருக்காக?

இலங்கைத் தமிழில் வலயம் என்பார்கள். கச்சை, வளையம் என்ற மூலப் பொருளுக்கு அது மண்டலத்தைவிடக் கிட்டத்தில் நிற்கிறது, ஓசையும் நன்றாக இருக்கிறது. ஆனால் அங்கும் வலயக் கல்வி அலுவலகம் இருக்கிறது. அதே குழப்பம் அங்கேயும் வரும். ‘வலயமாக்கம்’ என்பதும் இடத்தைச் சொல்லிவிட்டுக் கட்டுப்பாட்டை விட்டுவிடுகிறது.

நான் பரிந்துரைக்கும் சொல் ‘நிலப் பயன் வரையறை’. இதில் பாதி என் ஆக்கமே இல்லை. தமிழ்நாட்டில் விவசாய நிலத்தைக் குடியிருப்பாக மாற்ற விண்ணப்பிப்பவர் ‘நிலப் பயன்பாட்டு மாற்றம்’ என்றுதான் கேட்கிறார். மனை வாங்குகிறவர், விற்கிறவர், தரகர், நகர் ஊரமைப்புத் துறை ஊழியர் எல்லோருக்கும் அது தெரிந்த பேச்சு. அதோடு ‘வரையறை’யைச் சேர்த்தால் போதும். வரை என்றால் கோடு, எல்லை. வரையறுத்தல் என்றால் இதற்கு மேல் போகாதே என்று நிறுத்துவது. வரைபடத்தில் போட்ட கோடும் சட்டம் விதித்த அளவும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. ‘நிலப் பயன்பாடு’ என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் உயரம், தளப்பரப்பு, காலியிடம் போன்றவை விட்டுப்போகும். அதனால்தான் வரையறை கட்டாயம் வேண்டும்.

இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு மினியாபொலிஸுக்குப் போவோம். சுமார் 4.3 லட்சம் பேர் வாழும் நடுத்தர நகரம். அதன் குடியிருப்பு நிலத்தில் ஏறக்குறைய 70 சதவீதத்தில், ஒரு மனைக்கு ஒரு தனிவீடு என்பதே விதியாக இருந்தது. 2018 டிசம்பரில் நகர மன்றம் ‘மினியாபொலிஸ் 2040’ திட்டத்தை நிறைவேற்றியது. 2020 முதல் அதே மனைகளில் மூன்று வீடுகள் வரை கட்டலாம் என்றானது. 2021இல், இத்தனை கார் நிறுத்துமிடம் கட்டியே ஆக வேண்டும் என்ற விதியையும் நகரம் முழுவதும் எடுத்துவிட்டார்கள். திட்டத்தை எதிர்த்தவர்கள் சுற்றுச்சூழல் சட்டத்தின் கீழ் வழக்குப் போட, சில காலம் முடங்கியது. 2024இல் மாநிலச் சட்டமன்றம் தலையிட்டுத் தடையை நீக்கியது.

இதில் எந்த மண்டலமும் ஒழியவில்லை. தனிவீடு கட்டத் தடையும் வரவில்லை. இன்றும் ஒரு மனையில் ஒரே வீடு கட்டிக்கொள்ளலாம். தளர்ந்தது வரையறை, அதுவும் முழுதாகத் தளரவில்லை. எத்தனை வீடு என்ற எண்ணிக்கை மூன்றானாலும், தெருவுள்ளே இருக்கும் மனைகளில் கட்டடத்தின் மொத்தத் தளப்பரப்புக்கான உச்ச அளவு சிறியதாகவே இருந்தது. ஒரு வீட்டுக்கு உரிய பரப்புக்குள் மூன்று வீட்டை அடக்க யார் முன்வருவார்கள்? அதனால் மூன்று வீட்டுக் கட்டடங்கள் குறைவாகவே எழும்பின. புதிய வீடுகளில் பெரும்பகுதி பேருந்து, ரயில் தடங்களை ஒட்டிய பெரிய அடுக்குமாடிகளில்தான் வந்தது. ‘வரையறை தளர்த்தல்’ என்று எழுதியிருந்தால், எந்த வரையறை தளர்ந்தது, எது தளரவில்லை என்ற கேள்வி வாசகருக்குத் தானாக எழும். ‘மண்டலத்தை ஒழித்தார்கள்’ என்றால் கேட்க ஒன்றுமே இல்லை.

‘ஒற்றைக் குடும்பம்’ என்பதையும் விட்டுவிடலாம். தனிவீடு என்று நாம் தினமும் சொல்கிறோம். ‘தனிவீட்டுப் பகுதி’ என்றால் முடிந்தது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் குடும்பம் என்ற சொல் உண்மையாகவே வேண்டும். சில ஊர்கள் வீட்டை மட்டுமல்லாமல் குடும்பம் எது என்பதையும் வரையறுத்தன. ஓஹியோவின் ஈஸ்ட் கிளீவ்லாந்தில் ஒரு பாட்டி தன் மகனோடும், ஒருவருக்கொருவர் உடன்பிறந்தவர்கள் அல்லாத இரண்டு பேரன்களோடும் வாழ்ந்ததே குற்றமாயிற்று. 1977இல் உச்ச நீதிமன்றம் அந்த விதியைத் தள்ளியது. நம் வீடுகளில் பெரியப்பா பிள்ளையும் சித்தப்பா பிள்ளையும் பாட்டியிடம் ஒன்றாக வளர்வது எவ்வளவு இயல்பு என்று நினைத்தால், அந்த வரையறையின் கொடுமை விளங்கும்.

இன்னொரு வரலாறும் மண்டலத்துக்குள் மறைந்துபோகிறது. கறுப்பினத்தவர் இந்தத் தெருவில் குடியேறக் கூடாது என்று கென்டக்கியின் லூயிவில் நகரம் போட்ட நேரடி விதியை 1917இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. இனத்தின் பெயரைச் சொல்லாமல் பெரிய மனை, ஒரே வீடு என்று வரையறுத்தாலும் வசதியற்றவர் உள்ளே வர முடியாது. அடைக்கும் விதி என்ற உணர்வு சொல்லிலேயே இருந்தால்தான் இதைத் தமிழில் சொல்ல முடியும்.

மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்குள்ள மனக்குறை இதுதான். அகராதியைத் திறந்து முதல் சொல்லை எடுத்துக்கொள்கிறார்கள். அந்தத் தொழிலில் இருப்பவர்கள் தமிழில் என்ன பேசுகிறார்கள் என்று ஒரு நில அளவையாளரையோ கட்டடப் பொறியாளரையோ கேட்பதில்லை. கேட்டிருந்தால் மற்ற சொற்களும் எளிதாகக் கிடைத்திருக்கும். கூடுதலாகக் கட்ட விடுவது வரையறை தளர்த்தல், குறைப்பது வரையறை இறுக்கல், ஒரு மனைக்கு மட்டும் விதியிலிருந்து தரும் அனுமதி ‘விலக்கு’, விதி வருவதற்கு முன்பே இருந்த கடை ‘முந்தைய பயன்பாடு’. இடம் குறைவான தலைப்பில் ‘நில வரையறை’ என்று சுருக்கலாம். கட்டுரைக்குள் ஒரு முறையாவது முழுச் சொல்லை எழுதிவிட வேண்டும்.